கைப்பட எழுதிய மன்னிப்பு

மார்ச் 11, செவ்வாய்

வெளிநாட்டு ரசிகர்களின் கடிதங்கள் இரண்டு மூட்டை. காலை முழுவதும் பிரிப்பதிலேயே போயிற்று. பதினோரு வருஷமாக இந்த மாங்வொன் பாட்டுக் கம்பெனி அலுவலகத்தில் மேலாளராகக் குப்பை கொட்டுகிறேன், இன்னும் பழகவில்லை. பெரு நாட்டில், லிமாவில், பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மிலாக்ரோஸ் என்ற பெண் கொரிய மொழியில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள். எங்கள் ஐவர் குழுப் பாடகி ஹேதம், ஆல்பங்களில் கைப்பட எழுதிய நன்றிப் பக்கங்களைப் பார்த்துப் பார்த்தே எழுதக் கற்றுக்கொண்டாளாம். எழுத்தெல்லாம் ஹேதமுடையது போலப் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஹேதம் இடது கைக்காரி. எழுத எழுதக் கை மையின் மேலேயே நகரும், பக்கமெல்லாம் தீற்றல். ரசிகர்கள் அதற்கு ‘மேகம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். எனக்கு அது அழுக்கு. இன்றைக்கும் கையெழுத்து நிகழ்ச்சி முடிந்ததும் ஈரத்தாளை நீட்டி, “கையைத் துடைடீ, கரிக்கடைக்காரி மாதிரி இருக்கே” என்றேன். சிரித்தாள்.

மார்ச் 12, புதன்

ஒரு புகைப்படம் வெளியாகிவிட்டது. ஹான் ஆற்றங்கரை. ஹேதம் ஒரு பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவ்வளவுதான் படம். ஆனால் பாடகிக்குக் காதலன் கூடாது என்பது ரசிகர்கள் கணக்கு.

மார்ச் 13, வியாழன்

வாசலில் வண்டி வந்து நிற்கிறது. மூன்று பக்கமும் மின்திரை. “எங்கள் ஆறு வருஷத்துக்கு என்ன பதில்?” “மன்னிப்புக் கேள் அல்லது வெளியேறு.” கொரிய மொழியில், ஆங்கிலத்தில், பிறகு ஸ்பானிய மொழியில். எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து அனுப்பியது. போன வருஷம் அவள் பிறந்தநாளுக்கு இதே இடத்தில் இதே ஆட்கள் காபி வண்டி அனுப்பினார்கள். நானும் இரண்டு கோப்பை குடித்தேன்.

கம்பெனித் தலைவர் குவாக் கூப்பிட்டார். “மிசொன், நாளைக்கு மத்தியானம் பன்னண்டுக்குள்ள அவ கைப்பட எழுதின மன்னிப்பு லெட்டர் இணையத்துல ஏறணும். மே மாசக் கச்சேரிக்கு லிமா அரங்கத்துக்காரங்க போன் மேல போன். மத்த நாலு பொண்ணுங்களையும் நினைச்சுப் பாரு. ஒரு பக்கம் எழுதறதுக்கு என்ன கேடு?”

கேடு ஒன்றுமில்லை. இதற்கு முன் வேறு குழுக்களில் நான்கு பேரை எழுத வைத்திருக்கிறேன். கோடு போடாத வெள்ளைத் தாள், கறுப்புப் பேனா. காரணம் சொல்லக் கூடாது. ‘ஆனால்’ கூடாது. ‘காதல்’ கூடவே கூடாது. “என்னால் கவலையடைந்த அனைவருக்கும்” என்று தொடங்க வேண்டும். நான் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்துவேன். சரியாக வந்ததும் அடியில் “இது போதும்” என்று எழுதுவேன். அதைப் பார்த்து அவர்கள் மறுபடி நகலெடுப்பார்கள். அரை மணி நேர வேலை.

மார்ச் 14, வெள்ளி

எட்டரை மணிக்கு உட்கார்ந்தாள். பதினொன்றுக்கும் தாள் வெள்ளையாகவே இருந்தது. முன்னால் வைத்த கிம்பாப் சோற்றுருளையையும் தொடவில்லை.

“கையைப் பிடிச்சு நடந்தேன் அக்கா. யாரைக் கொன்னேன்?”

“யாரையும் கொல்லலை. எழுதிட்டுப் போயேன். ஒரு வாரத்துல எல்லாரும் மறந்துடுவாங்க.”

“நான் மறக்க மாட்டேனே.”

“நாலு பொண்ணுங்க, ஹேதம்.”

“தெரியும். அவங்ககிட்ட நேர்ல போய் அழுதுட்டேன். அது நெஜம். இது நெஜம் இல்லை. எழுத மாட்டேன்.”

எழுந்து போய் ஒத்திகை அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். மணி பதினொன்றே முக்கால். நான் பேனாவை எடுத்தேன்.

ஆறு வருஷமாகப் பார்க்கும் கையெழுத்து. சாய்வெல்லாம் அப்படியே வந்தது. கீழே அவள் பெயரையும் போட்டேன். அவளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தேன். நினைத்தேனா? இல்லை, பன்னிரண்டு மணி ஆகிறதே என்றுதான் நினைத்தேனா?

மார்ச் 15, சனி

வண்டி போய்விட்டது. தலைவர் எனக்குத் தேனில் ஊறிய ஜின்செங் வேர்ப் பெட்டி ஒன்று பரிசு கொடுத்தார். ஹேதம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

வண்டி திரும்பி வந்துவிட்டது. மூன்று பக்கமும் ஒரே வாசகம்: “மேகம் எங்கே? இது யார் கை?”

தாள் சுத்தமாக இருந்ததாம். ஒரு தீற்றல் இல்லை. ஆறு வருஷக் கையெழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள் — ஜகார்த்தாவில் ஒருத்தி, லிமாவில் பலர். சாய்வைப் பிடித்தேன், வளைவைப் பிடித்தேன், ஈரத்தாள் நீட்டிய என் புத்தி தீற்றலை மட்டும் விட்டுவிட்டது. தினம் பார்க்கிற நான் அழுக்கு என்று துடைத்ததை, கடல் தாண்டி இருப்பவர்கள் அவளென்று வைத்திருந்தார்கள்.

கோபக்காரர்கள் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். ஆனால் இணையத்தில் அவர்கள் நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது. கீழே மிலாக்ரோஸ் என்ற பெயர்: “அப்படியானால் அவள் மன்னிப்புக் கேட்கவே இல்லை. நல்லது.”

மார்ச் 18, செவ்வாய்

தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இடது கையில் சுளுக்கு, அதனால் வலது கையால் எழுதினாள் என்று சொல்லிவிடலாமாம். கட்டுப் போடத் துணிகூட வாங்கி வைத்திருந்தார். ஹேதம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் தடவை.

“நான்தான் எழுதினேன்னு போட்டுடுங்க” என்றேன்.

“உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? பொழைப்பு போயிடும்” என்றார்.

“போகட்டும்.”

தைரியமெல்லாம் இல்லை. அந்தத் துணியை அவள் கையில் சுற்றுவதும் என் வேலையாகத்தான் வந்திருக்கும். அது முடியாது என்று தோன்றியது.

மார்ச் 20, வியாழன்

இப்போது நான் எழுத வேண்டும். கைப்பட. வெள்ளைத் தாள், கறுப்புப் பேனா. விதியெல்லாம் எனக்குத்தான் தெரியுமே!

ஏழு தாள் கிழித்தேன். ஒரு கோடு நேராக வரவில்லை. அரை மணி நேர வேலை என்று முன்பு எழுத வைத்த அந்த நான்கு பிள்ளைகளிடம் கடிகாரத்தைக் காட்டியிருக்கிறேன். பாவி. ஒருத்தி மூன்றாவது தாளில் வாந்தி எடுத்தாள். நான் நான்காவது தாளை நீட்டினேன்.

மாலை நாலு மணிக்கு ஏற்றினார்கள்.

மார்ச் 21, வெள்ளி

வண்டியில் இன்று என் பெயர் ஓடுகிறது. பாங் மிசொன், பாங் மிசொன் என்று. எதிர்க் கடையில் முக்கோணமாகப் பிடித்த சோற்றுக் கட்டி வாங்கப் போனால் கடைக்காரப் பெண் மீதியை என் கையில் தராமல் மேசையில் வைத்தாள்.

படிக்கட்டில் ஹேதம் உட்கார்ந்திருந்தாள், கையில் போன். என் கடிதத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

“ரசிகர்கள்கிட்ட கேட்டிருக்கீங்க. கம்பெனிகிட்ட, அரங்கத்துக்காரங்ககிட்ட, பொதுமக்கள்கிட்டகூட கேட்டிருக்கீங்க.” போனை அணைத்தாள். “எனக்கு ஒரு வரி கூட இல்லையே அக்கா.”

எழுந்து ஒத்திகைக்குப் போய்விட்டாள். உண்மையிலேயே இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

வேலை போய்விட்டது. அட்டைப் பெட்டி ஒன்று, செருப்பு ஒரு ஜோடி, சிவப்புப் பேனா மூன்று.

ஏப்ரல் 19, சனி

தங்கை இஞ்சொனில் நடத்தும் குழந்தைகள் பள்ளிக்கு மாணவர்களைக் கொண்டுவிடும் வண்டியில் துணையாகப் போகிறேன். இடுப்புப் பட்டை போட்டுவிடும் வேலை. ஒரு குழந்தை மண்டியிட்டு உட்கார்ந்து இடது கையால் கண்ணாடியில் கிறுக்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஹேதமுக்கு எழுதினேன். பத்து வரி. பழக்கம் விடவில்லை: “என்னால் கவலையடைந்த” என்றெல்லாம் வந்துவிட்டது. அப்படியே அனுப்பிவிட்டேன். யாரும் நாள் குறிக்கவில்லை. எங்கும் ஏற்றவும் மாட்டார்கள். அவள் படிப்பாளா, கிழிப்பாளா, அது அவள் இஷ்டம்.

மே 24, சனி

லிமா நிகழ்ச்சியின் படத்துணுக்கு ஒன்று பார்த்தேன். ஐந்து பேரும் நின்றார்கள். அரங்கத்தில் சில இருக்கைகள் காலி. ஹேதம் மைக்கைப் பிடித்து, “உங்ககிட்ட சொல்ல ஒண்ணும் தயார் பண்ணலை. பாடறேன்” என்று மட்டும் சொன்னாள். முதல் வரியை அவள் மட்டும் பாடினாள். பிறகு கூட்டம் பாட ஆரம்பித்தது — எங்கள் மொழியில், ஒரு சொல் பிசகாமல். நான் பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு அழுதேன்.

ஜூன் 10, செவ்வாய்

தபாலில் உறை ஒன்று. லிமா முத்திரை. ஹேதம் அங்கிருந்தே போட்டிருக்கிறாள், வந்து சேர இத்தனை நாள்.

உள்ளே நான் எழுதிய கடிதம்தான். திருப்பி அனுப்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பிரித்தேன். சிவப்புப் பேனா. “என்னால் கவலையடைந்த” அடிக்கப்பட்டிருக்கிறது. “அன்றைய நெருக்கடியில்” அடிக்கப்பட்டிருக்கிறது. “உன் நன்மையைக் கருதி” இரண்டு தடவை அடிக்கப்பட்டு, ஓரத்தில் “பொய்” என்று இருக்கிறது. பத்து வரியில் ஒன்றைத்தான் விட்டுவைத்திருக்கிறாள்:

“நீ எழுத மாட்டேன் என்றாய், நான் உன் பெயரைப் போட்டேன்.”

அதன் அடியில், பின்பக்கம் சாய்ந்த எழுத்தில்: “இது போதும்.”

அந்த இரண்டு சொல்லின் மேலும் சிவப்பு மை வலதுபுறமாக இழுபட்டுக் கிடந்தது. கையைத் துடைக்கச் சொல்லப் பக்கத்தில் ஆள் இருந்திருக்காது.