பெரிய கொடியை நானே மடித்துக் கொடுத்தேன்

ஞாயிறு, மதியம் லுஹர் தொழுகை முடிந்து,
லஹ்சன் காபிக்கடை, மூலை மேசை.

மகன் ஜவாதுக்கு வாப்பா எழுதுவது. "போனது போனதுதான் வாப்பா, சங்கம் முடிஞ்சுது"ன்னு சொல்லிவிட்டு போனை வைத்தாயே, அது எந்த ஊர் நியாயம்டா? பெற்றவன் வாயில் வார்த்தை பாதி இருக்கும்போதே வைக்கச் சொல்லி அந்த மொன்றியாலில் பாடம் நடத்துகிறார்களா, இல்லை பனியில் மூளையும் சேர்ந்து உறைந்துவிட்டதா? சரி, முதலில் முறையைச் செய்துவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் உம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். உன்மேல் சாந்தி உண்டாகட்டும், கோபமாய் இருந்தாலும் உண்டாகட்டும். நீ, உன் பெண்டாட்டி, சின்னவள் எல்லோரும் சுகம்தானே. இங்கே உம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, என் முட்டி அப்படியேதான், பூனை நாலு குட்டி போட்டு நாலையும் உன் பழைய பெட்டிக்குள் வைத்திருக்கிறது. முறை முடிந்தது. இனி சண்டைக்கு வருகிறேன்.

நான் அனுப்பும் குரல் பதிவு எதையும் நீ திறப்பதில்லை என்று நுஸ்ஹா சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன், என் எழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். எழுத எழுத அவள் பக்கத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள், தங்கை அனுப்பினால் திறப்பாய் அல்லவா. நாலு மணிக்கு, நம் கால்பந்து ரசிகர் சங்கத்தை இப்போது நடத்தும் அய்யூபும் பையன்களும் இதே கடைக்கு வந்து அதைக் கலைத்துவிட்டோம் என்று வாசிக்கப் போகிறார்கள். இப்போது மணி இரண்டு. சங்கத்தின் பெரிய கொடி எதிரி ஊர் ரசிகர் கைக்குப் போனால் அன்றோடு சங்கம் இல்லை, பெயரும் இல்லை, பாட்டும் இல்லை என்று சட்டம் போட்டது நீயும் உன் ஐந்து கூட்டாளிகளும். போட்ட ஆறு பேரில் ஊரைவிட்டுப் போனவன் நீ ஒருத்தன், ஆனால் அய்யூப் இன்றைக்கும் காது கொடுப்பது உனக்குத்தான். அதனால்தான் உன் காலைப் பிடிக்கிறேன்.

கொடியை ஏன் வெளியே எடுத்தேன் என்று கேட்டாய். கேட்டாய் என்ன, கத்தினாய். நீ ஊரைவிட்டுப் போகும்போது, கிழவன் வீட்டில் யாரும் தேடமாட்டார்கள் என்று என் கட்டிலுக்கடியில் வைத்தாய், நானும் எட்டு வருஷம் அதன்மேல் கோழி அடைகாக்கிற மாதிரி படுத்திருந்தேன். மைதானத்தை மராமத்து என்று பூட்டி நாலு வருஷம் ஆகிறது, நம் மேட்ச் எல்லாம் வேறு ஊரில், பாதி மேட்சுக்கு ஆளே விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் கால் தானாக வாசலுக்குப் போகிறது, உன் உம்மா "எங்க கிளம்பிட்டீங்க, அங்க இப்ப ஆடுதான் மேயுது, போய் அதுக்குக் கை தட்டுங்க"ங்கிறாள். அந்தக் காலத்தில் தொழுகை முடிந்த கையோடு மீன்காரத் தெருவே காலியாகிவிடும், மத்தி டப்பா அடைக்கும் பெண்கள் ஆலை வாசலில் நின்று தகரத்தைத் தட்டி அனுப்புவார்கள், அவித்த முட்டையில் சீரகத்தூள், காகிதக் கூம்பில் கொண்டைக்கடலை, சூரியகாந்தி விதைத் தோல் கேலரியில் கணுக்கால் வரைக்கும் கிடக்கும். டிக்கெட் இல்லாதவன் யூகலிப்டஸ் மரத்தில், அதிலும் ஏற முடியாதவன் கடைசிக் கால் மணி நேரத்துக்குச் சும்மா கதவு திறந்துவிடும்வரை வெளியே. உன்னை என் தோளில் வைத்திருந்தேன், நம்ம ஆள் கோல் போட்ட சந்தோஷத்தில் நீ என் கழுத்து வழியாக மூத்திரம் விட்டாய், பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறாயா? நான் துடைக்கவே இல்லை, கையை மேலே தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தேன்.

அந்த ஆசைதான்டா. போன ஞாயிறு மீலூதைக் கூப்பிட்டு மாடியில் கொடியை விரித்தேன், கேலரியில் விரிக்கிற மாதிரி. நடுவில் ரேடியோ, சுற்றி முட்டையும் கடலையும் மத்தி டப்பாவும். இரண்டு கிழவர்கள் ஒரு மேட்சைக் காதால் பார்த்தோம். மீலூது மத்தி எண்ணெயை 'கடற்காகம்' என்ற சங்கப் பெயர்மேலேயே கவிழ்த்தான், பரதேசி. உன் எழுத்தாயிற்றே என்று மறுநாள் நானே துவைத்து மாடிச் சுவரில் தொங்கவிட்டேன். பதினெட்டு மீட்டர் துணி. படகில் போகிறவன்கூட எழுத்துக்கூட்டிப் படித்திருப்பான்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்தார்கள். "அய்யூப் அனுப்பினாரு ஹாஜி, பழசைப் பார்த்துப் புதுசு வரையணும்"ன்னு சொன்னார்கள். மக்காவுக்கே போகாதவனைத் தாடியைப் பார்த்து ஹாஜியாக்கினார்களே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், ஆனால் ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. முகம் தெரியவில்லையே என்று இழுத்தேன். உடனே ஒருத்தன், "ஹாஜி, காலைல முடிவெட்டிட்டு மத்தியானம் கோல்கீப்பரா நின்னவர் ஒருத்தர் இருந்தாராமே, நெசமா?"ன்னு கேட்டான். ஜவாத், நம்ம கோல்கீப்பர் அல்லாலைப் பற்றி என்னை யாராவது கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா. ஞாயிறு அவனைத் திட்டினவன் திங்கட்கிழமை சவரத்துக்குப் போய் உட்கார்ந்தால் பாதிக் கன்னத்தோடு எழுப்பி அனுப்பிவிடுவான் என்று சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு மணி நேரம் பேசினேன். மூன்று முறை புதினா டீ போட்டேன். ஒருத்தன்கூடக் கைப்பேசியை எடுக்கவில்லை. கிளம்பும்போது கொடியை ஒரு முனையில் அவர்களும் ஒரு முனையில் நானும் பிடித்து மடித்தோம், பைக்குள் அடங்கவில்லை, முட்டி வலியோடு மண்டியிட்டு அழுத்தி உள்ளே திணித்தது நான். புதன்கிழமை அது அடுத்த ஊர் கேலரியில் தலைகீழாகத் தொங்கிய படம் வந்தது.

வெள்ளிக்கிழமை உன் உம்மாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறி அந்த ஊருக்கே போனேன். காபிக்கடை காபிக்கடையாக விசாரித்து, சிரித்த பையனைக் கண்டுபிடித்துவிட்டேன். ஓடவில்லை, எழுந்து என் தலையில் முத்தமிட்டு உட்கார வைத்தான். "என்னைத் திருடன்னு சொல்லிக்கோங்க, கிழவனை ஏமாத்தினோம்னு ஊரெல்லாம் சொல்லுங்க, துணியை மட்டும் குடுங்கடா"ன்னு கெஞ்சினேன். "அது இனிமே எங்க கையிலயும் இல்ல ஹாஜி"ன்னான். அப்புறம் கூட இருந்தவர்களைக் கூப்பிட்டு, "இவருதான்டா அவரு"ன்னு காட்டி, அல்லால் கதையை மறுபடி சொல்லச் சொன்னான். கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டான். நான் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்டும் சொல்லவில்லை.

இதுதான் என் வாதம், இதை அய்யூபிடம் நீ சொல். சண்டையில் பிடுங்கினால் சட்டம், தெருவில் துரத்திப் பறித்தால் சட்டம். பல் இல்லாத ஒருத்தன் வீட்டில் டீ குடித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனதற்கும் அதே சட்டமா? முட்டி பிடித்துக்கொண்ட மேட்ச் நாளில் என்னை நாற்காலியோடு தூக்கி வந்து இந்தக் கடையில் டிவி முன்னால் உட்கார வைப்பது அந்தப் பையன்கள்தான், உம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினதும் அவர்கள்தான். கலைந்துவிட்டால் எந்த முகத்தோடு என் வாசலுக்கு வருவார்கள்? வந்தாலும் நான் எந்த முகத்தோடு கதவைத் திறப்பேன்? நாலு மணிக்குள் அய்யூபுக்கு ஒரு போன். என்னை மன்னிக்க வேண்டாம், அது தனிக் கணக்கு, போன் மட்டும் செய்.

நுஸ்ஹா இதுவரை எழுதினதை அனுப்பிவிட்டாள். இரண்டு கோடும் நீலமாகிவிட்டதாம், படித்துவிட்டாய். மூன்றரை ஆகிறது.

மூன்று ஐம்பது. அய்யூப் வந்து என் மேசை பக்கத்தில் நின்றான். ஜவாத் கூப்பிட்டானா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினான். உட்காரு என்றேன், உட்காரவில்லை. "நீங்க ஒண்ணும் பண்ணல ஹாஜி, சட்டம் எங்களுது. உங்க வீட்டுக்குன்னு தனியா வளைச்சா நாளைக்கு அது சட்டமே இல்ல"ன்னான். விடுவேனா, மழை மேட்சைச் சொன்னேன். இரண்டு கோல் பின்னால், எழுபதாவது நிமிஷம், முடிந்தது என்று பாதி ஊர் எழுந்து கேட்டுக்குப் போய்விட்டது, நானும்தான், அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம், திரும்பி ஓடுகிறேன், செருப்பு சேற்றில் போய்விட்டது, அதற்குள் முதல் கோல், என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவன் என் தோளைத் தொட்டு "நாலாயிடுச்சு ஹாஜி"ன்னு சொல்லிவிட்டு நடந்தான். நான் இன்னும் இரண்டாவது கோலுக்கே வரவில்லை. கல்லாப் பக்கத்தில் நின்று காகிதத்தைப் பிரிக்கிறான். லஹ்சன் டிவியை அணைத்துவிட்டான். நாற்பது பையன்கள், ஒரு தலையும் நிமிரவில்லை.

இனி அய்யூபுக்குப் போன் செய்ய வேண்டாம். அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் குளிரிலிருந்து காக்கட்டும், உன் வேலையில் பரக்கத் செய்யட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, உம்மாவுக்கு மறக்காமல் பேசு. கோபம் தீர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் கூப்பிடு, மூன்றாவது கோல் வரைக்கும் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

உன் வாப்பா,
பூஷைப்