ஓரம் வெட்டுப்பட்ட படம்

சாய்ந்தமருது
12.06.2010

அன்பு மகன் காலிதீனுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உம்மாவும் நல்ல சுகம், உன் சுகத்தைப் போனில் கேட்டாலும் எழுதிக் கேட்டால்தான் எனக்கு மனம் ஆறுகிறது. கட்டாரில் வெயில் கொளுத்துகிறதாமே, உச்சிப் பொழுதில் வெளியில் திரியாதே, தண்ணீர் நிறையக் குடி.

நீ அனுப்பிய தட்டை டிவி கீறல் படாமல் வந்து சேர்ந்தது, சண்டை முடிந்ததால் வழியில் எந்த இடத்திலும் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லவில்லையாம். ஆனால் படத்தின் நாலு ஓரமும் வெட்டுப்படுகிறது என்று நான் போனில் சொன்னபோது, கொஞ்சந்தானே வாப்பா, உட்டுட்டுப் பாருங்க என்று நீ சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது. உம்மா பக்கத்தில் இருந்ததால் காரணத்தைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

சுனாமியில் கடல் வந்ததில் உன் தங்கச்சி ஜெஸீலாவோடு சேர்த்து வீட்டுப் போட்டோக்களும் போய்விட்டன, அவளுடைய ஒரு துண்டுப் படம்கூட நம்மிடம் மிஞ்சவில்லை. புள்ளைட முகம் வரவர மங்குதே என்று உம்மா தொழுகைப் பாயில் இருந்து அழுவா, உனக்குச் சொல்ல வேண்டாம் என்பா. உன் மாமி மகன் ஸைனுலாப்தீன் கண்டியில் இருந்ததால் அவனுடைய கலியாண வீடியோ கசட் தப்பியது, அதை டிஸ்க்கில் அடித்துப் போன மாதம் கொண்டுவந்து தந்தான். நம் வழக்கம் தெரியுந்தானே, வீடியோக்காரனைப் பெண்கள் பக்கம் விடவில்லை, முழுக்க ஆண்கள்தான், தொப்பியும் தாடியும், ஒரே தட்டைச் சுற்றியிருந்து தின்னும் சஹன் சாப்பாடும். ஒரு இடத்தில் மட்டும் பெண்கள் இருந்த அறையின் திரைச்சீலையை விலக்கி ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கிறது, ஓரத்தில் நிற்பதால் மஞ்சள் சட்டைக் கையும் ஒரு காதும் மட்டுந்தான் தெரிந்தன. உம்மா எழும்பி டிவிக்குக் கிட்டப் போய், இது என்ட புள்ளைட சட்டை, நான் தைச்ச கை என்றா.

அதன் பிறகு வாப்பா சும்மா இருப்பேனா? அன்டனாவில்தான் பிழை என்று கூரையில் ஏறித் திருப்பினேன். டிஸ்க்கில் ஓடும் படத்துக்கும் அன்டனாவுக்கும் என்ன சம்பந்தம் என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது, நீ சிரிக்காதே. அடுத்ததாக, டிஸ்க் அடித்தவன்தான் வெட்டிவிட்டான் என்று ஸைனுலாப்தீனைப் போனில் ஏசினேன். அவன் பாவம், இஞ்ச கம்பியூட்டர்ல முழுசாத்தான் இரிக்கி மாமா, ஒங்கட டிவியப் பாருங்க என்றான். போட் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற எனக்கு இந்தத் தட்டைப் பெட்டி பெரிதா? ரிமோட்டை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன். பட அளவை மாற்றும் பொத்தானை அமுக்க மாப்பிள்ளை குண்டானான், இன்னொரு தரம் அமுக்க அவன் தலையே போய்விட்டது. உம்மா, இரிக்கிறதையும் கெடுத்துப் போடாதீங்க என்று கத்தினா. நான் விடவில்லை, மெனுவுக்குள்ளே போய்த் துழாவியதில், வருகிற படத்தை வெட்டாமல் அப்படியே காட்டுகிற அமைப்பு ஒன்று ஒளிந்து கிடந்தது. அதை அமுக்கியதும் விட்டுப்போன ஓரமெல்லாம் உள்ளே வந்தது.

மகன், அவளேதான். முழு முகமும் தெரிகிறது, முன்பல் விழுந்த ஓட்டைகூடத் தெரிகிறது. நீ கோட்டுப் போட்டுப் பெரிய மனிதன் மாதிரி நடுவில் நிற்கிறாய், அவள் உன்னைப் பார்த்து நாக்கை நீட்டுகிறாள். உம்மா உடைந்து போவா என்று பயந்தேன், ஆனால் அவ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா, பிறகுதான் அழுதா. நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

உம்மாவின் மனம் நோகும் என்று நீ இத்தனை காலமும் தங்கச்சியின் பேரை வாயில் எடுத்ததில்லை, எனக்குத் தெரியும். இனி எடு மகன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான றிஸ்கையும் வருமானத்தையும் தருவானாக, உன்னைச் சுகமாக எங்கள் கண்ணில் காட்டுவானாக. வெள்ளிக்கிழமை போன் எடுக்கும்போது மறக்காமல் உம்மாவுக்கு இதற்குப் பதில் சொல்லு, மூன்று நாளாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறா: நாக்கைக் காட்டுற அளவுக்கு அண்டைக்கி அவளுக்கு நீ என்ன செஞ்ச?

உன் வாப்பா,
மீராசாஹிபு