கேபினில் கருகும் வாசனை

ஜூன் 2, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நேற்றுதான் உன் வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் வழக்கம்போல் காகிதம். கிரேன் கேபினில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அடுத்த சுமை வரும்வரை எனக்கு இங்கே வேலை இல்லை. பதினெட்டு மாடி உயரம், காற்று பிய்த்துக்கொண்டு போகிறது.

ஒரு தொல்லை. கேபினில் அடிக்கடி ரப்பர் கருகும் வாசனை வருகிறது. எலக்ட்ரீசியனை மூன்று தடவை ஏறி வரவைத்துவிட்டேன். "அண்ணே, ஒயரெல்லாம் நல்லாதான் இருக்கு. உங்க மூக்கைத்தான் கழட்டிப் பாக்கணும்" என்கிறான், கிண்டலைப் பார். நான் விடவில்லை, இன்ஜினியரிடம் கத்தி எல்லா ஒயரையும் மாற்ற வைத்தேன். இன்று காலையும் அதே வாசனை.

ஆமாம், நேற்று நான் கிளம்பும்போது ஏன் அப்படிப் பார்த்தாய்? கொஞ்சம் தண்ணீர் கொட்டிவிட்டது, அதற்கா?

கீழே விசில் ஊதி சிக்னல் காட்டுகிறவன், நாங்கள் 'விசில்' என்றே கூப்பிடும் ஆள், கையை ஆட்டுகிறான். கம்பிக்கட்டு ஏற்றப் போகிறார்கள், அதற்குள் முடிக்கிறேன். கம்பிக்கட்டு ஏற்றப் போகிறார்கள், அதற்குள் முடிக்கிறேன்.

உன் நெட்டை


ஜூன் 5, வியாழன்

என் நெட்டைப் பயலே,

பதறாமல் படி. நானும் பதறாமல் எழுதப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கொஞ்சம் தண்ணீர் கொட்டவில்லை. டம்ளர் நிரம்பி, மேசை நனைந்து, தரையில் ஓடும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாய். "டேய், போதும்டா" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். கண் திறந்திருந்தது, நீ அங்கே இல்லை. எதையோ சப்புவதுபோல் வாய் அசைந்தது, இடது கை சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தது. அரை நிமிடம் கழித்து, "என்னக்கா சொன்னே?" என்றாய்.

பதினான்கு வருடமாக மனிதர்கள் தலையில் ஒயர் ஒட்டி மூளை அலை பதிவு செய்கிறவள் நான். இதை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்! மூளை நரம்புகள் மின்சாரத்தால்தான் பேசிக்கொள்கின்றன, ஒன்று பேச மற்றொன்று கேட்கும். சில சமயம் ஒரு மூலையில் இருக்கிறவை எல்லாம் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்துவிடும். அதுவும் வலிப்புதான். வலிப்பு என்றால் கீழே விழுந்து துடிப்பது மட்டும் இல்லை. இந்த வகை வருவதற்கு முன்னால் பலருக்கு இல்லாத வாசனை அடிக்கும். கருகல் வாசனை என்று என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். கோளாறு கேபின் ஒயரில் இல்லை, கண்ணா.

உன் கடிதத்தின் கடைசி வரியை இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். நடுவே பேனா ஒரே இடத்தில் நின்று மை ஊறி, காகிதம் கிழிந்திருக்கிறது. நீ மேலே, கேபினில், எழுதும்போதே அது வந்திருக்கிறது. அதற்கு அடுத்து நீ கம்பிக்கட்டைத் தூக்கியிருப்பாய்.

நாளைக்கே இறங்கு. எங்கள் டாக்டரிடம் வா. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையிலேயே அடங்கிவிடும்.

அக்கா


ஜூன் 9, திங்கள்

அக்கா,

உனக்கு வேறு வேலை இல்லையா? ஊரில் இருக்கிற எல்லாத் தலையும் உனக்கு ஆஸ்பத்திரித் தலைதானா?

எனக்குத் தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான். அசதியில் ஒரு வரியை இரண்டு தடவை எழுதினால் வலிப்பா? அந்த வார்த்தையை இங்கே ஒருத்தன் காதில் போட்டால் போதும், என்னை மறுபடி கேபினில் ஏற்ற எவனும் வரமாட்டான். பதினோரு வருடம், அக்கா. இன்ஜினியர்கள் நான்கு பேர் மாறிவிட்டார்கள், என் கொக்கியில் இருந்து ஒரு செங்கல் விழுந்ததில்லை. கீழே இறங்கினால் நான் யார்? கேட் பக்கத்தில் வந்த வண்டிக்கெல்லாம் சீட்டு எழுதிக்கொண்டு நிற்கிறவனா?

என் மகள், உன் செல்ல மருமகள், உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாளாக என்னை வேவு பார்க்கிறாள். சட்டைப் பித்தானில் கை வைத்தால் ஓடி வருகிறாள். நல்ல வேலை செய்தாய், போ.

இதை யாரிடமும் சொல்லாதே. என் மேல் பாசம் இருந்தால் சொல்லாதே.

தம்பி


ஜூன் 12, வியாழன்

தம்பிக்கு,

பாசத்தை இழுக்காதே. அம்மா போனபின் உனக்குத் தலை வாரிவிட்டது யார் என்று நானும் இழுக்க முடியும்.

உன் மேல் மட்டும் விழுவதாக இருந்தால்கூட விடமாட்டேன். இங்கே விழப்போவது வேறு யார் மேலோ. உன் கொக்கிக்கு அடியில் நடக்கிறவர்கள் உன்னை நம்பித்தான் நிமிர்ந்து பார்க்காமல் நடக்கிறார்கள்.

வருகிற வெள்ளி, இருபதாம் தேதிவரை பொறுக்கிறேன். நீயே உன் இன்ஜினியரிடம் சொல். சொல்லாவிட்டால் நான் எழுதுவேன். மிரட்டல் என்றே வைத்துக்கொள்.

அக்கா


ஜூன் 17, செவ்வாய்

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் வாக்கு மீறிவிட்டேன்.

வெள்ளிவரை என்று சொல்லிவிட்டு அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று ஒரு கொத்தனாரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள், வேறு ஏதோ கட்டடத்தில் தலையில் அடிபட்டவர். தலைப்பாகைத் துணியைக் கழற்றவிடாமல் அவர் மனைவி பிடித்துக்கொண்டாள். பதிவு எடுத்து முடித்ததும் வெளியே போய், உன் இன்ஜினியருக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிப் பெயரில் இல்லை, அக்கா என்றுதான் கையெழுத்துப் போட்டேன்.

என்னோடு பேசாமல் இருந்துவிடாதே. பேசாமல் இருந்தாலும் உயிரோடு இரு, அது போதும்.

அக்கா


ஜூன் 21, சனி

அக்காவுக்கு,

இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

புதன்கிழமை காலை டீக்கடையில் விசிலிடம் உன் கூத்தைச் சொல்லிச் சிரித்தேன். "எங்க அக்கா என்னை நோயாளி ஆக்கிட்டாடா" என்றேன். அவன் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சில நேரம் கொக்கி அந்தரத்துல அப்படியே நிக்கும், வாக்கிடாக்கில கூப்பிட்டா நீங்க பேசமாட்டீங்க. கண்ணசந்துட்டீங்கன்னு நெனச்சேன். சொன்னா உங்க பேரு கெட்டுப்போகும்ல? அதான் அடியில இருக்கிறவங்கள ஓரம் போகச் சொல்லிட்டு, நீங்க முழிக்கிற வரைக்கும் விசிலை ஊதிட்டே நிப்பேன்."

"எத்தனை தடவைடா?"

"அஞ்சு. நாலு தடவை நின்னுச்சு. ஒரு தடவை நிக்காம இறங்கிடுச்சு. நான்தான் அடியில இருந்தேன்."

பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றிக் காட்டினான். ஒரு பக்கம் விரிசல், உள்ளே துணி வைத்துத் தைத்திருக்கிறான். எனக்கு ஒன்றுமே தெரியாது, அக்கா. அந்த விசில் சத்தம் ஒரு தடவைகூட என் காதில் விழுந்ததாக நினைவில்லை. எனக்கு இரண்டு குழந்தைகள் என்றால் அவனுக்கு மூன்று. அழுதுவிட்டேன், டீக்கடை என்றுகூடப் பார்க்கவில்லை.

அன்று நான் மேலே ஏறவே இல்லை. நேராக இன்ஜினியர் அறைக்குப் போய், வாசனை, தண்ணீர், இரண்டு தடவை எழுதிய வரி, ஐந்து தடவை எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "சாவியைக் குடுத்துட்டுப் போங்க. சரியானதும் வாங்க, கீழ வேலை பாத்துக்கலாம்" என்றார். எழுந்தபோது மேசை இழுப்பறையைத் திறந்து உன் கடிதத்தை எடுத்து வைத்தார். காலைத் தபாலில் வந்ததாம். நானே சொல்கிறேனா என்று காத்திருந்தாராம்.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வெள்ளிவரை என்றாயே, இன்னும் நான்கு நாள் என்னை நம்ப உனக்கு மனமில்லையா? இதை மறக்க எனக்கு நாளாகும். நீ செய்தது சரி என்று தெரிந்துதான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

செவ்வாய்க்கிழமை உன் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அங்கே வந்து உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன், நீயும் சமாதானம் பேச வராதே. ஆனால் ஒயரை நீதான் ஒட்ட வேண்டும். என் தலையில் வேறு எவர் கையும் படக்கூடாது.

தம்பி