சனீஸ்வரனுக்கு ஒரு கொங்கிறீட் தூண்

என் அருமை மாப்பிள்ளை ஆறுமுகம்,

நீ போன இடத்தில் இருந்து பார்த்தால் நட்சத்திரம் பக்கத்தில்தானே இருக்கும்? இனி உனக்குத் தூரம் பார்க்கிற குழாயும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். கொடுத்து வைத்தவன். ஆனால் இங்கே பூண்டுலோயாவில் நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்துக் கோணினால் சிரிக்காதே. நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

தூண் கட்டிவிட்டேன், மாப்பிள்ளை! குழாயை ஆடாமல் நிறுத்த நீ உயிரோடு இருந்த காலமெல்லாம் கேட்டாயே, அந்தத் தூண்தான். நெஞ்சுயரம். ஆனை வந்து முதுகு சொறிந்தாலும் அசையாது.

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உனக்குக் காய்ச்சல் வந்து, நாலு நாளில் நீ போனதும், தோட்டத்து லயத்து வரிசைவீட்டுச் சனம் ஒரு கதை கட்டியது. சனீஸ்வரனை ராத்திரி ராத்திரியாகப் பார்த்தான், அவரும் திருப்பிப் பார்த்துவிட்டார் என்று. உன் பெண்டாட்டி, என் தங்கச்சி மரகதம், அதை அப்படியே நம்பிவிட்டாள். தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது உனக்குக் கொடுத்த அந்தக் குழிக் கண்ணாடி, தேயிலை ஸ்டோர் தகரத்தில் நீ அடித்த அந்தக் குழாய், இரண்டையும் எடுத்துப்போகச் சொல்லிச் சிமெந்துக்கடை நானாவுக்கு ஆள் அனுப்பிவிட்டாள். நானாவும் மாதம் பிறந்ததும் லொறி கொண்டுவருகிறேன் என்றார்.

"நானுந்தான் அவன்கூட நின்னு பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றேன்.

"ஒனக்கு என்னண்ணே ஆகும்? ஒன்னயப் பாத்தா சனியே ஓடிப்போயிருவாரு."

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. தன் புருஷனைக் கொன்ற சாமான் என்றுதான் அந்தக் குழாயை நினைத்தாள். வாசலில் போகும்போதுகூட அது நிற்கிற கொட்டகைப் பக்கம் திரும்பமாட்டாள். நீ தள்ளுவண்டிச் சக்கரம் பூட்டி, கூரை விலகுகிற மாதிரி ஆசையாகச் செய்த கொட்டகை, மாப்பிள்ளை!

லொறி வருவதற்குள் அவளை ஒருதடவை பார்க்கவைத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. குழாயை உன் பழைய மரக்கால் தாங்கியில் வைத்தால் சனி கள்ளுக் குடித்தவன் மாதிரி ஆடுவாரே. அதைக் காட்டினால் அவள் இன்னும்தான் பயப்படுவாள். அதனால் மண்வெட்டியை எடுத்தேன்.

கொட்டகை நடுவில் குழி வெட்டி, கெட்டிமண் தட்டியதும் கருங்கல் போட்டுக் குத்தினேன். பழைய தார்ப் பீப்பாயின் அடியை வெட்டி எடுத்துவிட்டு அச்சாக நிறுத்தி, கொங்கிறீட் கொட்டி நிரப்பினேன். சிமெந்து வாங்கினது நானா கடையில்தான். எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மரகதம் வாசலோடு நின்று எட்டிப்பார்த்தாள். "என்னண்ணே இது?"

"துளசிமாடம்."

"கொட்டகைக்குள்ளயா? நெஞ்சு ஒசரத்துக்கா?"

"ஒன் வீட்டுக்காரன் மாதிரி நெட்டத் துளசி."

போய்விட்டாள். உள்ளே புரிந்திருக்கும். தடுக்கவில்லை, அதுவே எனக்குப் போதும்.

ஈரச்சாக்கு சுற்றித் தூணை ஆறவிட்டேன். அந்த நேரத்தில் கை சும்மா இருக்குமா? தரைக்குச் சிவப்புச் சிமெந்து போட்டு, தூண் அடியோடு ஒட்ட இழைத்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன். தூணுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. மேசன் வேலையில் இடைவெளி விடுகிறவனை என்னவென்று பேசுவார்கள், உனக்குத் தெரியாதா?

குழாயைத் தூக்கி வைத்து, போல்ட் இறுக்கி, சனியைப் பிடித்தேன். அப்படியே நின்றார். கூத்தாடிவிட்டேன்! கூத்தாடினதுதான் தாமதம், அவரும் கூடச் சேர்ந்து ஆடினார். ஒரு கால் எடுத்து வைத்தால் ஒரு குதி. தூணில்தான் கோளாறு என்று அதை உலுக்கிப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது. பிறகுதான் மண்டையில் ஏறியது. நான் மிதிக்கிற தரை தூணோடு ஒட்டியிருக்கிறது. என் மிதி எல்லாம் தரை வழியாக நேரே சனிக்குப் போகிறது!

இரும்பு அலவாங்கை எடுத்தேன். என் கையால் மெழுகின சிவப்புத் தரையை நானே உடைத்தேன், மாப்பிள்ளை. தூணைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்கு வெட்டிவிட்டேன். பிறகு மறுபடியும் சனியைப் பிடித்து வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் காலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தேன். என் உடம்பைத்தான் நீ அறிவாயே! அவர் இமைகூட அசைக்கவில்லை.

நானா லொறியோடு வந்த அன்று சாயங்காலம் மழை விட்டு, மூடுபனியும் விலகி, இருட்டியதும் வானம் கழுவின மாதிரி இருந்தது. கூரையைத் தள்ளிவிட்டு மரகதத்தைக் கூப்பிட்டேன்.

"வரமாட்டேண்ணே. சனீஸ்வரரு முன்னாடி நேரா நிக்கக்கூடாது."

"கோயில்ல எப்பிடி நிப்ப?"

"ஒதுங்கி, பக்கவாட்டுல."

"இங்கயும் அப்பிடித்தான் புள்ள. கொழாய் வாய் அவரப் பாத்து இருக்கு. நீ பாக்குற ஓட்ட இந்தா, பக்கவாட்டுல. கண்ணாடியில விழுந்த உருவத்தத்தான் பாக்கப்போற. அவரு ஒன்னயப் பாக்கவே முடியாது."

வாசலில் நானா லாந்தரோடு நின்றார். "போய்ப் பாருங்க தங்கச்சி. நான் அவசரப்படல்ல," என்றார்.

மரகதம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். குனிந்தாள். ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

"வளையம் போட்டிருக்காரு," என்றாள் மெதுவாக. "மெய்யாத்தான் சொல்லியிருக்காரு." சனிக்கு வளையம் உண்டு என்று நீ சொன்னதைத்தான்.

பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "எங்க வீட்டுக்காரரும் இப்பிடி ஒதுங்கி நின்னுதான் பாத்தாராண்ணே?"

"இப்பிடியேதான்."

"ஒரு நாளாச்சும் நேரா?"

"கொழாய் அப்பிடிப் பாக்க விடாது புள்ள. ஒரு நாளும் இல்ல."

"அப்ப இந்தச் சாமி ஒண்ணும் பண்ணல," என்றாள். பெரிய மூச்சு ஒன்று விட்டாள். நீ போன நாளில் இருந்து உள்ளே அடைத்து வைத்திருந்த மூச்சு. "வெறுங் காச்சல்தான்."

நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானா, நீங்களும் ஒருதரம் பாருங்க. பாத்துட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டு, வெறும் லொறியோட போங்க."

மாப்பிள்ளை, குழாய் இங்கேதான் இருக்கும். பனிக்கும் மழைக்கும் கண்ணாடியைப் போர்த்துவது என் வேலை. கதை கட்டின லயத்துச் சனத்தை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து, ஒதுக்கி நிறுத்திக் காட்டுவேன். இது உன்மேல் சத்தியம். தரையில் வெட்டின அந்த இடைவெளியை மட்டும் யாரும் அடைக்க விடமாட்டேன்.

உன் பெண்டாட்டியைப் பெற்ற வயிற்றிலேயே பிறந்த,
உன் மச்சான்
வேலாயுதம்