காட்டாத கால்

அன்பு மகளுக்கு,

இந்நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே, அப்பா கண்ணயர்ந்த பிறகுதான் பேனாவை எடுக்க முடிந்தது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், எனக்கும் ஒரு குறையுமில்லை, அப்பாவின் கால் சங்கதிதான் மனதைப் போட்டுப் பிசைகிறது.

நடந்தால் வலது கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, ஒருவழியாக இன்று ரத்தக்குழாய் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நர்ஸ் என்னைப் பார்த்து மகளா என்று கேட்டாள், அப்பாவுக்குக் கால்வலியைவிட அது பெரிய வலி. அதற்குமேல் ஒரு கூத்து, வலது காலை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்து, அதற்கு மட்டும் நகம் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார், தையற்காரர் அல்லவா, கிழிந்த பக்கத்தை மட்டும்தானே பிரிப்பார். டாக்டர் இரண்டு ஷூவையும் கழற்றச் சொன்னதும் அப்பா முழித்தார். இடது காலுறையை உருவினால் பெருவிரல் நுனியில் புண், கத்தரிக்கோல் விழுந்து மூன்று வாரமாம், பெரிதாக வலிக்கவில்லையாம், அதனால் என்னிடம் சொல்லவில்லையாம்.

பிறகு இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார்கள். பேனா மாதிரி ஒன்றைத் தோலில் வைத்தால் ரத்தம் ஓடுவது சத்தமாகவே கேட்கிறது. வெட்கத்தை விட்டு என் காலிலும் வைத்துக்காட்டச் சொன்னேன், ஈரத்துணியை உதறுகிற மாதிரி சடார் சடார் என்றது. அப்பாவின் இரண்டு கால்களிலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது. கணுக்காலிலும் ஏறக்குறைய கையளவு அழுத்தம் இருக்க வேண்டுமாம், இவருக்குக் கையில் 140, வலது கணுக்காலில் 84, இடதில் 91. வலிக்காத காலிலும் எப்படி இவ்வளவு குறைவு என்று விடாமல் கேட்டேன். வலிக்கிற கால் பாதி வழியிலேயே ஆளை நிறுத்திவிடுவதால் மற்ற கால் வலிக்கும் அளவுக்கு அவர் நடப்பதே இல்லை என்றார் டாக்டர். ரத்தம் போதாததால்தான் புண்ணும் ஆறவில்லையாம், இப்படியே விட்டால் விரலுக்கே ஆபத்தாம். சிகரெட்டை இன்றோடு விடச் சொன்னார், அப்பா தலையாட்டிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை இரண்டு காலுக்கும் ஸ்கேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும், “வலிக்கிற காலைப் பாக்கட்டும், சும்மா கிடக்கிறதை எதுக்கு நோண்டணும்?” என்று சொல்லிப் படுத்துவிட்டார். நீ போனில் சொன்னால் சரிம்மா என்று வைத்துவிடுவார், உன் எழுத்தென்றால் இரண்டு தடவை படிப்பார். தபாலுக்கு நேரமில்லை, அதனால் இதைக் காலையில் படமெடுத்து அனுப்பப்போகிறேன், நீயும் உன் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பு, இடது காலைப் பற்றி மட்டும் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு, குளித்ததும் உன் இரண்டு பாதத்தையும் ஒருமுறை பார். நீ நூறு வயது நன்றாக நடமாட வேண்டும். புதன்கிழமைக்குள் பதில் போடு.

உன் அம்மா