இரண்டாகப் போட்ட டிக்கெட்

தம்பிக்கு,

நடுவழி விமான நிலையத்தில் இரண்டு நாள் நாற்காலியில் தூங்கியதையும், பிறகு திருப்பி அனுப்பப்பட்டதையும் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். படித்தேன்.

"அண்ணா, நடுவுல இறங்குற நாட்டுக்கு விசா வேணுமா?" என்று போனில் கேட்டாய். "வெளிய போகலைன்னா வேணாம்டா" என்றேன். விதி அதுதான். ஒரே டிக்கெட்டாக இல்லாமல் இரண்டாகப் போட்டிருந்தால், வெளியே போய்ப் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு விசா வேண்டும். அதை நீ கேட்கவில்லை. டிக்கெட் போட்டது நான்தான்.

"டிக்கெட் கிழிக்கிறதுக்கு எதுக்குண்ணா எம்.ஏ.?" என்று என் டிராவல்ஸ் ஆபீஸில், என் மாமனார் முன்னால் சிரித்தவனுக்கு, இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

நீ அங்கே மாட்டிக்கொண்ட அன்று அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. "சின்னவன் கிளம்பிட்டானாடா?" என்று கேட்டார்.

"அவன் வரலைன்னுட்டான்ப்பா."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு உன் பேச்சை எடுக்கவே இல்லை. சாகும்வரை மூன்று நாள், என் நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக, என்னிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்.

உன் அண்ணன்