அசருக்குப் பிறகு எடுங்க

இன்று காலை கடையைத் திறந்ததும் கணினித் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. நிற்கவே இல்லை. என் போனிலும் சிக்னல் இல்லை. பத்து மணிக்குள் வாசலில் கூட்டம். ஒன்லைனில் விண்ணப்பம் அனுப்ப வந்தவர்கள், போனுக்குக் காசு போட வந்தவர்கள். கட்டாரில் இருக்கும் மகன் காலையில் கதைக்கவில்லை என்று கலங்கிப்போன ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகனுக்கு ஒண்டுமில்லயே மகள்?"

"ஒண்டுமில்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். தோழி, உன் நினைவு வந்தது. "தெரியா உம்மா. லைன் வந்ததும் நானே எடுத்துத் தாறன், இரிங்க" என்றேன்.

கல்முனை பசாரில் அந்தத் தொலைபேசிக் கடையில் நாம் வேலை செய்த காலத்தில் கைப்பேசி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். பாண்டிருப்பிலிருந்து நீ வருவாய், மருதமுனையிலிருந்து நான். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால் வீட்டுக்கு ஆளனுப்புவோம்.

சுனாமி அடித்து மூன்றாம் நாள் ஒரேயொரு லைன் உயிர்பெற்றது. அதற்கு முந்தைய நாள்தான் உன் அம்மாவைப் புதைத்திருந்தீர்கள். ஆனாலும் நீ வந்து கடையைத் திறந்தாய். "வீட்டில இருந்து என்ன செய்யிற? இஞ்ச மணி அடிக்குமே" என்றாய்.

அடித்தது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த ஒரு பெண். அவளுடைய தாயும் இரண்டு பிள்ளைகளும் மருதமுனையில், கடற்கரையோர வீட்டில். அந்த வீதியே இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் குரலைக் கேட்டதும், "எல்லாரும் நல்லா இரிக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

நீ ரிசீவரைப் பறித்தாய். "தங்கச்சி, இவ பாத்துட்டுச் சொல்லல்ல. நாங்க போய்ப் பாக்கிறம். பின்னேரம், அசருக்குப் பிறகு எடுங்க."

என்னிடம் நீ கோபப்பட்டது அன்று மட்டும்தான். "அந்தப் பொய்யில அவ ஒரு நாள் நிம்மதியா இரிப்பா. மறுகா நாம சொல்ற உண்மைய ஆரு நம்புவா புள்ள?"

சேற்றிலும் மணலிலும் சைக்கிளை ஓட்டியதைவிட உருட்டியதே அதிகம். அகதிகள் தங்கியிருந்த மூன்றாவது பள்ளிக்கூடத்தில் அவளுடைய மூத்த மகளைக் கண்டோம். ஏழு வயதிருக்கும். வாய் திறக்கவில்லை. பக்கத்திலிருந்த அயல்வீட்டு ராத்தாதான் யாருடைய பிள்ளை என்று சொன்னார். உம்மம்மாவையும் தம்பியையும் அடக்கம் செய்துவிட்டதையும் அவரே சொன்னார்.

பிள்ளையைக் கடைக்குக் கூட்டிவந்தோம். மணி அடித்ததும் ரிசீவரை அவள் காதில் வைத்தாய். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு "உம்மா" என்றாள். அந்தச் சொல் போய்ச் சேர்ந்த பிறகே மற்றதை நீ சொன்னாய். நான் வெளியே ஓடிவிட்டேன். நீயோ அந்தத் தாய் அழுது முடிக்கும்வரை ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

போர் முடிந்த ஆண்டில் வன்னியிலிருந்த உன் தம்பியின் போன் நின்றது. தினமும் காலையில் அவன் நம்பரை அழுத்துவாய். அதே பதிவுக் குரல். "நல்லா இரிப்பான்" என்று இந்த முறை நான் சொல்லவில்லை. "போய்ப் பாப்பம்" என்றேன். வவுனியாவுக்கு மூன்று முறை பஸ் ஏறினோம். அகதி முகாம் வேலியோரம் அவன் படத்தைக் காட்டிக் கேட்டோம். கண்டவர் எவருமில்லை.

"காணாமப்போனவங்கட ஆபீஸில, செத்துட்டான் எண்டு கையெழுத்து வைக்கச் சொல்றாங்க. நான் பாக்கல்லயே, எப்பிடி வைக்கிற?" என்றாய். வைக்காமலே போன வருடம் சிறுநீரக நோயில் நீயும் போய்விட்டாய்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு லைன் வந்தது. அந்தத் தாய் மகனோடு கதைத்துவிட்டுச் சிரித்தபடி போனார்.

உன்னிடம் சொல்ல இன்னொன்று இருக்கிறது. காணாமல்போன உன் தம்பியைப் பற்றிய விசாரணைக்கு உன் பெயருக்குப் போன மாதம் கடிதம் வந்தது. நான் போனேன்.

"நீங்க அவருக்கு என்ன முறை?" என்று கேட்டார் அலுவலர்.

"அக்காட கூட்டாளி. அக்கா மவுத்தாயிட்டா."

"அப்ப இந்த ஃபைல மூடிருவமா?"

"மூடாதங்க. இனி நான் வருவன்."

ஃபைலில் இருந்த உன் நம்பரை வெட்டி, என் நம்பரை எழுத வைத்தேன். எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே எழுந்தேன்.